அம்மா 911 ஐ அழைத்தபோது அம்புலன்ஸ் எங்கள் பழைய வீட்டுக்குப் போனது

இதை எழுத எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. யாரிடமும் சொல்லவில்லை. வேலைத்தலத்தில் கேட்டவர்களுக்கு "அம்மா விழுந்துவிட்டார், இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அந்த இரவு அம்மா குளிர்ந்த தரையில் 37 நிமிடம் கிடந்ததற்கு நான் மிச்சம் பிடித்த தொலைபேசிக் காசும் ஒரு காரணம் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆனால் போன மாதம் கோயிலில் சந்தித்த ஒரு அக்கா, "மலிவாக இருக்கிறதாம், நாங்களும் இணையத் தொலைபேசிக்கு மாறப்போகிறோம், அப்பா தனியாகத்தான் வீட்டில் இருக்கிறார்" என்றார். அப்போதுதான் வாயை மூடிக்கொண்டு இருப்பது சரியில்லை என்று பட்டது. அவரிடம் அரை மணி நேரம் நின்று சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

நாங்கள் ரொறொன்ரோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறோம். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா 2016 இல் காலமாகிவிட்டார். நான் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இரவு வேலை செய்கிறேன். 2021 மார்ச்சில் வீட்டுத் தொலைபேசிக்கு மாதம் 52 டொலர் வந்துகொண்டிருந்தது. இணைப்புக் கட்டணம், அழைப்பவர் எண்ணைக் காட்டுவதற்கு ஒன்று, குரல் அஞ்சலுக்கு ஒன்று, அதன்மேல் 13 வீத வரி. யாழ்ப்பாணத்துக்குக் கதைப்பதற்கு அம்மா வாங்கும் தொலைபேசி அட்டைகள் தனி. 52 டொலர் என்றால் எனக்கு இரண்டரை மணி நேர வேலை, நடக்க முடியாதவர்களைத் தூக்கி இறக்குகிற வேலை. அதனால் கூட வேலை செய்யும் ஒருவர் "நான் இணையத் தொலைபேசிக்கு மாதம் ஏழு டொலர்தான் கட்டுகிறேன்" என்று சொன்னபோது, அன்று காலையே வீட்டுக்கு வந்து தேடத் தொடங்கிவிட்டேன்.

விஷயம் எளிமையானதுதான். அடப்டர் என்று ஒரு சிறிய பெட்டி வாங்க வேண்டும். அதன் ஒரு பக்கம் ரவுட்டரில் போகும், மறுபக்கம் வீட்டில் ஏற்கனவே இருக்கும் தொலைபேசியைச் சொருகலாம். நாம் பேசும் குரலை அது சிறு சிறு தரவுப் பொட்டலங்களாக வெட்டி இணையத்தில் அனுப்பும். பெட்டிக்கு 68 டொலர் கொடுத்தேன். எண்ணுக்கு மாதம் ஒன்றரை டொலர், கனடாவுக்குள் நிமிடத்துக்கு ஒரு சதம், இங்கே அவசர உதவிக்கு அழைக்கும் எண்ணான 911 இன் சேவைக்கு மாதம் ஒன்றரை டொலர். இந்த 911 கட்டணத்தைக் கவனியுங்கள். என் நிறுவனத்தில் அது தானாக வராது, கணக்குக்குள் போய் ஒரு பக்கத்தில் விலாசத்தை எழுதி, நாமே இயக்க வேண்டும். நான் இயக்கினேன். அப்போது இருந்த தொடர்மாடியின் விலாசத்தை எழுதினேன். அந்தப் பக்கத்தை அதற்குப் பிறகு இரண்டு வருடம் திறந்தும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு மாதம் அம்மாவுக்கு அந்தத் தொலைபேசி பிடிக்கவே இல்லை, அதில் நியாயம் இருந்தது. எண்ணை அழுத்திவிட்டு அவர் காதில் வைப்பார். நாலைந்து விநாடி ஒரு சத்தமும் இருக்காது. "செத்துப்போயிருக்கிறது பிள்ளை" என்று வைத்துவிடுவார். உண்மையில் அந்தப் பெட்டி, இன்னும் இலக்கங்கள் வருமோ என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எண்ணை அழுத்தி முடித்ததும் ஹாஷ் பொத்தானையும் அழுத்தினால் உடனே போகும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, மூன்றாவது வாரம் நானாகக் கண்டுபிடித்தேன். அடுத்தது, சில அழைப்புகளில் எங்களுக்கு அவர்கள் பேசுவது கேட்கும், நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. அதற்குக் காரணம் ரவுட்டரில் சிப் ஏ.எல்.ஜி (SIP ALG) என்று ஒரு அமைப்பு. உதவி செய்வதற்கென்று வைத்ததுதான், ஆனால் பல ரவுட்டர்களில் அதுவே குரல் வரும் வழியைக் குழப்பிவிடுகிறது. அதை அணைத்ததும் அந்தக் கோளாறு முற்றாகப் போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும் கேட்கிறதென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

குரல் வெட்டி வெட்டிக் கேட்பதுதான் கண்டுபிடிக்கக் கஷ்டமாக இருந்தது. ஒரு அழைப்புக்குப் போகவும் வரவும் விநாடிக்கு ஏறக்குறைய 90 கிலோபிட் போதும். எங்கள் இணைப்பு அதைவிட நூறு மடங்கு வேகமானது. பிறகு ஏன் பெரியம்மாவுக்கு அம்மாவின் குரல் பாதிதான் போகிறது? ஒரு காலை சமையலறையில் நின்று யோசித்தபோது பிடிபட்டது. நான் ஏழரை மணிக்கு வேலை முடிந்து வருவேன். யாழ்ப்பாணத்தில் அப்போது மாலை ஐந்து மணி, அம்மா அக்காவை அழைக்கும் நேரம். நான் வாசலுக்குள் வந்தவுடன் என் கைபேசி வீட்டு இணையத்தைப் பிடித்து, இரவு எடுத்த படங்களையெல்லாம் இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றத் தொடங்கும். ஏற்றும் பக்கம் முழுவதும் நிரம்பிவிட, அம்மாவின் குரல் பின்னால் வரிசையில் நிற்கும். பதிவேற்றத்தை மத்தியானத்துக்கு மாற்றினேன். பெட்டியை வைஃபையில் விடாமல் கேபிளில் ரவுட்டரோடு நேராக இணைத்தேன். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தது, அதையும் இயக்கினேன். அன்றிலிருந்து தொலைபேசிக் குரலைப் பற்றி அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை.

இவ்வளவும் நேரம்தான் போனது, மனம் நோகவில்லை. மனம் நொந்தது எண்ணில். 2001 இல் அப்பா எடுத்த எண் அது, 416 என்று தொடங்குவது. யாழ்ப்பாணத்தில், பாரிஸில், லண்டனில் இருக்கும் எங்கள் சொந்தங்களின் குறிப்புப் புத்தகங்களிலெல்லாம் அந்த எண்தான். புதிய சேவைக்கு அதையே மாற்றிக்கொள்ளலாம், கனடாவில் அதற்கு உரிமை இருக்கிறது. விண்ணப்பித்தேன். ஒன்பது நாள் கழித்து நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. காரணம், நான் கொடுத்த பெயரும் பழைய நிறுவனத்தின் கணக்கிலிருந்த பெயரும் ஒன்றல்ல. அந்தக் கணக்கு இன்னும் அப்பாவின் பெயரில் இருந்தது. ஐந்து வருடமாக நான்தான் காசு கட்டினேன், ஆனால் பெயரை மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை என்பதுதான் உண்மை. மாதாமாதம் அவர் பெயருக்கு ஒரு கடிதம் வருவதை நிறுத்த எனக்குத் துணிவில்லை.

அந்த நேரம் நான் செய்த பிழை இதுதான். ஏற்கனவே இரண்டு மாதம் இரண்டு சேவைகளுக்கும் காசு கட்டியாயிற்று, 104 டொலர் போய்விட்டது, இன்னொரு பில் வரக்கூடாது என்ற அவசரத்தில் ஜூன் மாத முடிவில் பழைய இணைப்பை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பெயர்ச் சிக்கலைப் பிறகு பார்க்கலாம் என்று நினைத்தேன். இணைப்பை நிறுத்தினால் எண்ணும் போய்விடும் என்று தெரியாது. உயிரோடு இருக்கும் எண்ணைத்தான் மாற்ற முடியும். நிறுத்திய எண் நிறுவனத்தின் கிடங்குக்குத் திரும்பிவிடும், கொஞ்ச நாளில் வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். நான் பதினொரு முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர், ஒவ்வொருவருக்கும் ஆரம்பத்திலிருந்து கதை. கடைசியாகப் பேசிய பெண் மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள், இனி எதுவும் செய்ய முடியாது என்றார். தொலைபேசியை வைத்துவிட்டு அழுதேன். அம்மாவுக்குப் புதிய எண்ணை எழுதிக் கொடுத்தபோது அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கி மேசை விரிப்புக்குக் கீழே வைத்தார். ஆறு மாதம் அது அங்கேயே இருந்தது. கண் வைத்தியரின் அலுவலகம் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு தேதி காலியாகியிருக்கிறது என்று பழைய எண்ணுக்குத்தான் அழைத்திருக்கிறது. அந்தத் தேதி போய், அம்மாவின் இடது கண் அறுவைச் சிகிச்சை நான்கு மாதம் பின்னுக்குப் போனது.

ஆகவே மாறுவதற்கு முன் பழைய பில் ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். அதில் பெயர் எப்படி எழுதியிருக்கிறது, விலாசத்தில் வீட்டு இலக்கம் எப்படி இருக்கிறது, கணக்கு எண் என்ன என்று பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே விண்ணப்பத்தில் எழுதுங்கள். கணக்கு இறந்துபோனவரின் பெயரிலோ பிரிந்து போனவரின் பெயரிலோ இருந்தால், முதலில் பழைய நிறுவனத்தில் பெயரை மாற்றுங்கள், அந்த மாற்றம் பில்லில் வந்த பிறகு எண்ணை மாற்றக் கேளுங்கள். புதிய தொலைபேசியில் உங்கள் பழைய எண்ணுக்கு அழைப்பு வருவதை உங்கள் காதால் கேட்கும் வரை பழைய இணைப்பை நிறுத்தாதீர்கள். எண் வெற்றிகரமாக மாறியவுடன் பழைய இணைப்பு பொதுவாகத் தானே முடிந்துவிடும். இடையில் ஒரு மாத பில் அதிகம் வந்தால் வரட்டும். நிறுவனம் ஏமாற்றுகிறது அல்லது பதில் சொல்லாமல் இழுத்தடிக்கிறது என்றால், தொலைத்தொடர்பு முறைப்பாடுகளுக்கென்றே கனடாவில் சி.சி.டி.எஸ் என்ற சுயாதீன அமைப்பு இருக்கிறது, 2007 இலிருந்து இயங்குகிறது, ஒரு சதமும் கேட்காது. என் விஷயத்தில் பிழை என்னுடையது என்பதால் நான் போகவில்லை.

2021 நவம்பரில் தொடர்மாடியை விட்டு ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டுக்கு மாறினோம். அங்கே வந்த முதல் வாரம் இன்னொரு 68 டொலர் போனது. சமையலறைச் சுவரில் தொலைபேசிச் சொக்கெட் ஒன்று இருந்தது. அடப்டரை அந்தச் சொக்கெட்டில் சொருகினால் வீட்டிலுள்ள எல்லாச் சொக்கெட்டுகளிலும் தொலைபேசி வேலை செய்யும் என்று படித்திருந்தேன். அது உண்மைதான், ஆனால் அந்தக் கம்பிகளில் வேறு இணைப்பு இல்லாவிட்டால் மட்டும். மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரரின் பழைய இணைப்பு அதே கம்பியில் உயிரோடு இருந்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் கம்பியில் எப்போதும் 48 வோல்ட் இருக்கும், மணி அடிக்கும்போது அதன்மேல் 90 வோல்ட் அளவுக்கு வரும். யாரோ அவர்களை அழைத்திருக்கிறார்கள். என் பெட்டியிலிருந்து ஒரு சின்ன "டிக்" சத்தம், பிறகு எரிந்த பிளாஸ்டிக் வாசனை. இரண்டாவது பெட்டி வாங்கினேன். அடப்டரில் நேராகத் தொலைபேசியைச் சொருகுங்கள். இன்னொரு அறையிலும் வேண்டுமென்றால் இரண்டு மூன்று கைப்பிடிகள் உள்ள கம்பியில்லாத் தொலைபேசி வாங்குங்கள், சுவரைத் தொடாதீர்கள்.

2022 மே 21 சனிக்கிழமை ஒன்ராறியோவைக் கடந்து போன புயலை இங்கே இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கைபேசிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலறின, சில நிமிடங்களில் வானம் இருண்டு மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்சாரம் போனது. அதோடு மோடம், ரவுட்டர், அடப்டர், தொலைபேசி நான்கும் போயின. 2003 ஓகஸ்ட் 14 அன்று ஒன்ராறியோவின் பெரும்பகுதியிலும், அமெரிக்காவின் வடகிழக்கில் பல இடங்களிலும், மாலை நான்கு மணியளவில் மின்சாரம் போனபோது அப்பா கம்பித் தொலைபேசியை எடுத்து ஒவ்வொரு வீடாக அழைத்து நலம் விசாரித்தது நினைவுக்கு வந்தது. பழைய செப்புக் கம்பி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தொலைபேசி நிலையத்திலிருந்தே கொண்டுவரும், அங்கே பெரிய மின்கலங்கள் இருக்கும். இணையத் தொலைபேசிக்கு அந்தப் பொறுப்பு நம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. பெரிய நிறுவனங்கள் தரும் வீட்டுத் தொலைபேசியும் இப்போது பல இடங்களில் மோடத்தின் வழியாகத்தான் வருகிறது, ஆகவே அதிலும் இதே நிலைதான். அன்று எங்களுக்கு ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை, மறுநாள் மின்சாரம் வந்தது. நானும் மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் மின்கலப் பெட்டியான யு.பி.எஸ் ஒன்று வாங்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டு வாங்காமல் இருந்துவிட்டேன்.

அதே கோடையில் ஒரு விடியற்காலை கணக்கில் இருந்த 50 டொலர் முழுவதும் காணாமல் போயிருந்தது. நான் பெயர்கூட உச்சரிக்கத் தெரியாத நாடுகளுக்கு இரவு மூன்று மணிக்கு அழைப்புகள் போயிருந்தன. இரண்டாவது பெட்டியின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டது என் பிழை. இப்போது கணக்கில் இலங்கையும் இந்தியாவும் தவிர மற்ற வெளிநாடுகள் எல்லாம் பூட்டு. காசு தீர்ந்தால் கடன் அட்டையிலிருந்து தானாக நிரப்பும் வசதியையும் நிறுத்திவிட்டேன், நிரப்பி நிரப்பித் திருடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி அந்த இரவு. 2023 பெப்ரவரி. இரவு 2.40 அளவில் அம்மா குளியலறைக்குப் போய் ஈரத்தில் வழுக்கி விழுந்தார். கம்பியில்லாத் தொலைபேசியின் கைப்பிடி அவருடைய மேலங்கிப் பையில் இருந்தது, நான்தான் எப்போதும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். முதலில் எனக்கு அழைத்திருக்கிறார். என் கைபேசி வேலைத்தலத்து லாக்கருக்குள், அங்கே அதுதான் விதி. பிறகு 911 ஐ அழுத்தினார். இணையத் தொலைபேசியில் 911 நேராக நகரத்தின் அவசர நிலையத்துக்குப் போகாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். என்னுடையதுபோல் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சொருகக்கூடிய சேவை என்றால், முதலில் இடையில் ஒரு அழைப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே இருப்பவர் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அந்த ஊரின் அவசர நிலையத்துக்கு மாற்றிவிடுவார். அழைப்பவரால் பேச முடியாவிட்டால், கணக்கில் கடைசியாகப் பதிந்திருக்கும் விலாசத்துக்கு ஆட்களை அனுப்புவார்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும். வலியில் அதுவும் மறந்துபோயிருக்கிறது. அந்த நிலையத்தவர் திரையில் இருந்த விலாசத்தை வாசித்து, இதுதானா என்று கேட்டிருக்கிறார். அம்மா "யெஸ், யெஸ்" என்றார். அடுத்த கேள்விக்கும் "யெஸ்". உதவி வருகிறது என்று மட்டும் அவருக்கு விளங்கியது. அவர் வாசித்தது எங்கள் பழைய தொடர்மாடி விலாசம்.

வீடு மாறியபோது நான் விலாசத்தை மாற்றவில்லையா என்று கேட்பீர்கள். மாற்றினேன். கடன் அட்டைக்கான விலாசத்தை மாற்றினேன், கணக்கின் முதல் பக்கத்தில் புதிய விலாசம்தான் இருந்தது. அவசர சேவைக்கான விலாசம் இன்னொரு பக்கத்தில், எண்ணின் அமைப்புகளுக்குள், தனியாக இருந்தது. ஒன்றை மாற்றினால் மற்றது மாறாது.

அம்புலன்ஸ் பழைய தொடர்மாடிக்குப் போய், பதினோராம் மாடியில் நாங்கள் இருந்த கதவைத் தட்டியிருக்கிறது. இப்போது அங்கே குடியிருப்பவர் தூக்கத்தில் எழுந்து வந்து, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை என்றிருக்கிறார். மருத்துவ உதவியாளர்கள் அதோடு திரும்பிப் போகாமல் தொடர்மாடிப் பொறுப்பாளரை எழுப்பியிருக்கிறார்கள். கணக்கிலிருந்த என் பெயரைச் சொன்னதும் அவருக்கு நினைவு வந்தது. அவசரத்துக்கு அழைக்க என்று நான் பல வருடங்களுக்கு முன் நிரப்பிக் கொடுத்த தாளைத் தேடி எடுத்து, அதிலிருந்த என் வேலைத்தல எண்ணுக்கு அழைத்தார். நான் ஒரு முதியவருக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தேன். தாதி வந்து "உன் அம்மா" என்றார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று சரியாக நினைவில்லை. வேலைத்தலத் தொலைபேசியில் 911 க்குப் புதிய விலாசத்தைச் சொன்னேன். 3.17 க்கு அவர்கள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். நான் போனபோது அம்மாவைத் தூக்கு கட்டிலில் ஏற்றியிருந்தார்கள். அவருடைய விரல் இன்னும் தொலைபேசியைப் பிடித்திருந்தது. "நான் சரியாகத்தானே பிள்ளை சொன்னேன்?" என்று கேட்டார். சரியாகத்தான் சொன்னீர்கள் அம்மா என்றேன். இன்றுவரை அதற்கு மேல் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை.

இடுப்பு அறுவைச் சிகிச்சை முடிந்து, இப்போது கைத்தாங்கி பிடித்து நடக்கிறார். அந்த அரை மணி நேரத்தால் எலும்பு கூடக் குறைய முறியவில்லை என்று வைத்தியர் சொன்னார். விழுந்ததற்குப் பதிலாக அது மாரடைப்பாக இருந்திருந்தால் என்ற எண்ணம் என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். 2008 இல் கல்கரி நகரத்தில் இதேபோல் ஒரு குடும்பம் இணையத் தொலைபேசியில் 911 ஐ அழைத்தபோது, அவர்கள் முன்பு வாழ்ந்த மிசிசாகாவின் விலாசத்துக்கு அம்புலன்ஸ் அனுப்பப்பட்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி. ஒன்றரை வயதுக் குழந்தை இறந்துவிட்டது. இணையத் தொலைபேசியில் 911 எப்படி இயங்கும், எங்கே இயங்காது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று கனடாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான சி.ஆர்.டி.சி 2005 இலேயே உத்தரவிட்டிருக்கிறது. எனக்கும் சொல்லித்தான் இருக்கிறார்கள். கணக்கைத் தொடங்கும்போது நீண்ட ஒரு பக்கத்தின் கீழே சம்மதம் என்று அழுத்தினேனே, அதற்குள் இருந்தது. வாசிக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் 20 மாதத்தில் ஏறக்குறைய 900 டொலர் மிச்சம் பிடித்திருக்கிறேன். எரிந்த பெட்டி, திருட்டுப் போன காசு, இரட்டை பில் எல்லாம் சேர்ந்து 222 டொலர். அம்புலன்ஸுக்கு ஒன்ராறியோவில் கட்டும் 45 டொலர். சம்பளமில்லாத விடுமுறை 14 நாள், மிச்சம் பிடித்ததை அதுவே இரண்டு மடங்காக விழுங்கிவிட்டது.

இருந்தும் நான் இந்தச் சேவையை விடவில்லை. ஒழுங்காக அமைத்தால் நல்ல சேவைதான், காசும் உண்மையாகவே குறைவு. என்ன மாற்றினேன் என்றால், முதலாவதாக அவசர விலாசம். அதில் தெரு, இலக்கம் மட்டும் போதாது. பேஸ்மென்ட்டா, மேல்மாடியா, பக்கத்து வாசலா என்பதும் இருக்க வேண்டும். சில நிறுவனங்கள் 933 என்ற சோதனை எண் தருகின்றன. அழைத்தால் பதிந்திருக்கும் விலாசத்தை ஒரு பதிவுக் குரல் வாசிக்கும். உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் எப்படிச் சோதிப்பது என்று அவர்களிடமே கேளுங்கள், 911 ஐ அழைத்துச் சோதிக்காதீர்கள். இரண்டாவது, 85 டொலருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ் வாங்கினேன். மோடம், ரவுட்டர், அடப்டர் மூன்றையும் அதில் சொருகியிருக்கிறேன், பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தபோது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. அதோடு அடப்டரில் கம்பி உள்ள சாதாரணத் தொலைபேசி ஒன்றும் இருக்கிறது, கம்பியில்லாதது தன் அடித்தளத்துக்கு மின்சாரம் இல்லாவிட்டால் ஊமையாகிவிடும். யு.பி.எஸ் இருந்தாலும் தெருவில் உள்ள இணையக் கருவிகளுக்கு மின்சாரம் போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மூன்றாவதாக, அம்மாவுக்குப் பெரிய பொத்தான்கள் உள்ள மலிவான கைபேசி ஒன்று, மாதம் 15 டொலர். இதற்குத் தயங்காதீர்கள். வயதானவர் தனியாக இருக்கும் வீட்டில் இணையத் தொலைபேசி மட்டும் இருப்பது போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கழுத்தில் அணியும் அவசரப் பொத்தான், வீட்டுப் பாதுகாப்பு அலாரம் போன்றவை வைத்திருப்பவர்கள், மாறுவதற்கு முன் அந்த நிறுவனத்தை அழைத்து இது இணையத் தொலைபேசியில் வேலை செய்யுமா என்று கேட்க வேண்டும். பழைய மாதிரிகள் பல செம்மையாக வேலை செய்வதில்லை.

கடைசியாக, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரிலும் குளியலறைக் கதவின் கீழ்ப்பாகத்திலும், விழுந்து கிடந்தாலும் கண்ணில் படும் உயரத்தில், ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எங்கள் விலாசத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படியே பெரிய தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு மேலே "டமில்" என்ற ஒரே சொல். ரொறொன்ரோவில் 911 இல் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள், மொழியின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால் போதும். அம்மா அதை நான்கு வாரம் பாடம் ஒப்புவிப்பதுபோல் எனக்குச் சொல்லிக் காட்டினார். விளங்காத கேள்விக்கு "யெஸ்" சொல்வதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம்.

ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி காலை 933 ஐ அழைத்துக் கைப்பிடியை அம்மாவிடம் கொடுக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். ஒகஸ்ட்டில் கேட்டுவிட்டு, "தெருவும் இலக்கமும் சரி, பேஸ்மென்ட் என்று அவள் சொல்லவில்லை பிள்ளை" என்றார். நான் திரும்ப அழைத்துக் கேட்டேன். அவர் சொன்னது சரி. நிறுவனம் தன் பதிவு முறையை மாற்றியபோது அந்த ஒரு சொல் விடுபட்டிருக்கிறது. அன்று தூங்கப் போவதற்கு முன் அதைச் சரி செய்தேன்.